ஓர் எழுத்தின் எடை

நாட்டு மருந்துக் கடை அலமாரிகளில் வாழும் பெயர்கள் செவிக்கு இனியவை. மயில்துத்தம், அன்னபேதி, படிகாரம், நவச்சாரம், வெங்காரம், வெடியுப்பு, பூரம், வீரம், தாளகம் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போகும்போது, பழைய ஊர்களின் பெயர்களைக் கேட்பது போன்றதொரு மயக்கம் நமக்கு உண்டாவதுண்டு. ஒவ்வொரு பெயருக்கும் தனி முகம் இருக்கிறது. மயிற்கழுத்தின் நிறம் கொண்டது மயில்துத்தம். வெடிமருந்துக்கு ஆவது வெடியுப்பு. பூரம், வீரம் இரண்டுமே பாதரசமும் குளோரினும் கூடிப் பிறந்தவை. ஆயினும் ஒன்றை ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் பேதி மருந்தாகக் கொடுத்து வந்தனர், மற்றொன்று சிறிதளவே உயிரைக் கொள்ளும் நஞ்சு. அவ்விரண்டுக்கும் நம் முன்னோர் முதலெழுத்திலேயே வேறுபடும் பெயர்களைச் சூட்டினர் என்பதை அவர்களது எச்சரிக்கையாகவே நாம் கொள்கிறோம்.

மேலைநாட்டாரின் பழைய வழக்கும் இத்தகையதே. இங்கிலாந்தின் எப்சம் ஊரில் ஊற்றுநீரிலிருந்து கிடைத்தது எப்சம் உப்பு. கிளாபர் என்பார் 17ஆம் நூற்றாண்டில் கண்டது கிளாபர் உப்பு. பிறந்த ஊரையும் கண்டவரின் பெயரையும் சொல்லும் இப்பெயர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. மயில்துத்தமும் அன்னபேதியும் ஒரே அமிலத்தின் உப்புகள், ஒன்றில் செம்பு, மற்றதில் இரும்பு என்னும் உறவை அப்பெயர்களிலிருந்து யாரும் அறிய முடியாது.

அந்த உறவைப் பெயரிலேயே வைக்க வேண்டும் என்று 1787ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நால்வர் முடிவு செய்தனர். லவாய்சியர், கீத்தோன் தெ மோர்வோ, பெர்த்தொல்லே, ஃபூர்க்ருவா என்போர் அவர்கள். ஒரு சேர்மத்தின் பெயர் அதிலுள்ள தனிமங்களைச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் மிகுந்த அமிலத்தின் உப்புக்கு ஓர் ஈறு, குறைந்த அமிலத்தின் உப்புக்கு வேறோர் ஈறு என்று வகுத்தனர். இன்று நம் பிள்ளைகள் ‘ஏட்டு’ என்றும் ‘ஐட்டு’ என்றும் ஒப்புவிக்கும் ஈறுகள் அங்கே பிறந்தவையே. ஆக்சிஜன் சேராமல் பெரும்பாலும் இரு தனிமங்களே கூடியவற்றுக்கு ‘ஐடு’ என்பது பின்னர் ஆங்கில வழக்கில் நிலைத்தது. சோடியம் சல்பேட்டு, சோடியம் சல்பைட்டு, சோடியம் சல்பைடு என்று சொல்லும்போதே ஆக்சிஜன் மிகுதி, குறைவு, இன்மை ஆகிய மூன்றும் வரிசையாக வந்து நின்றுவிடுகின்றன.

ஒரு தலைமுறை கழித்து, 1813ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடுகளைத் தந்தார். அதுவரை டால்டன் என்னும் ஆங்கிலேயர் அணுக்களை வட்டங்களாக வரைந்து, உள்ளே புள்ளியும் கோடும் இட்டுக் காட்டி வந்தார். எழுத்துகளை அவர் சற்றும் விரும்பவில்லை. இவற்றைப் பயில்வதும் எபிரேய மொழியைப் பயில்வதும் மாணவனுக்கு ஒன்றுதான் என்று சலித்துக்கொண்டார். குருமடத்தில் எபிரேயம் படித்தோர் இதைக் கேட்டுப் புன்னகை செய்யக்கூடும். ஆனால் டால்டன் வரைந்த நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனுமே இருந்தன. அதை ‘எச்-2-ஓ’ என்று உலகம் ஒருமனதாக எழுதுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பெர்சீலியஸ் தம் குறியீடுகளை இலத்தீனிலிருந்து எடுத்தார். இரும்புக்கு ‘ஃபெரம்’, வெள்ளிக்கு ‘அர்ஜென்டம்’, ஈயத்துக்கு ‘பிளம்பம்’. இலத்தீனில் பாடற்பூசை கேட்டு வளர்ந்த மூத்தோர் சிலர், பேரப்பிள்ளைகளின் வேதியியல் நூலைப் புரட்டிவிட்டு, “இந்தச் சொல் நமக்குத் தெரிந்ததாயிற்றே” என்று வியந்ததை நாம் கண்டிருக்கிறோம். சோடியத்துக்கு ‘எஸ்’ என்று தொடங்காமல் ‘என்ஏ’ என்று ஏன் வருகிறது என்பதற்கும் ‘நேட்ரியம்’ என்ற அவ்வழக்கே விடை.

நாம் திண்டுக்கல் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்வழி வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்தோம். வாய்பாடு எழுதக் கற்பிக்கும் அந்த ஒரு மாதத்தில்தான் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள். இணைதிறனைக் கைகளாகச் சொல்லிக் கொடுப்பது பழைய வழி. சோடியத்துக்கு ஒரு கை, கால்சியத்துக்கு இரண்டு, அலுமினியத்துக்கு மூன்று. எதிரே குளோரினுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு. எந்தக் கையும் வெறுங்கையாகத் தொங்கக் கூடாது. எனவே அலுமினியம் இரண்டும் ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் இரு பக்கமும் ஆறு கைகள், கணக்கு முடிந்தது. ஆனால் தேர்வை நினைந்து அஞ்சும் பிள்ளைகளுக்குக் கைகள் வேண்டா. இணைதிறன் எண்களைக் குறுக்கே மாற்றி எழுதும் சூத்திரம் ஒன்றே போதும் என்பார்கள். விடை சரியாகவே வரும். எதற்கு விடை என்பதுதான் தெரியாது.

ஒருமுறை கடைசி வரிசையில் இருந்த ஒருவன் எழுந்தான். “சார், மெக்னீசியம் ஆக்சைடில் இரண்டும் இரண்டும் வந்தபோது, பொதுவாக இருப்பதை அடித்துவிட்டு ஒன்றுக்கு ஒன்று என்று எழுதச் சொன்னீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடிலும் இரண்டும் இரண்டுமாக இருக்கிறது. அதை ஏன் அடிக்கவில்லை?” என்றான். நம் பணிக்காலத்தில் கேட்ட வினாக்களுள் இதற்கே முதலிடம் தருவோம். ஹைட்ரஜன் பெராக்சைடு என்பது நான்கு அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு குடும்பம். அதைப் பாதியாக அடித்தால் அங்கே அப்பொருளே இல்லை. மெக்னீசியம் ஆக்சைடில் அப்படிக் குடும்பம் குடும்பமாக எதுவும் இல்லை. முடிவின்றி அடுக்கப்பட்ட செங்கற்சுவர் போல இருவகை அயனிகள் மாறி மாறி நிற்கின்றன; அங்கே வாய்பாடு காட்டுவது ஒரு விகிதம் மட்டுமே. நம் அடுக்களை உப்பும் அவ்வாறே. ‘என்ஏசிஎல்’ என்று நாம் எழுதுகிறோம். ஆனால் உப்புக் கல்லை எவ்வளவு நுண்ணியதாகத் தேடினாலும் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் மட்டும் தனியே இல்லறம் நடத்தும் இடம் அதில் இல்லை. ஒரே மாதிரி எழுத்துகள் ஓரிடத்தில் எண்ணிக்கையையும் வேறோரிடத்தில் விகிதத்தையும் சொல்கின்றன. இதைப் பாடநூல் இரண்டு வரியில் கடந்துபோகிறது. அந்த மாணவன் கடந்துபோகவில்லை.

அடைப்புக்குறியும் அப்படித்தான். நீற்றிய சுண்ணாம்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சைடு தொகுதிகள் இரண்டு உண்டு. அடைப்புக்குறியை விட்டுவிட்டு வெளியே இரண்டு என்று எழுதினால், இரண்டு என்பது ஹைட்ரஜனை மட்டுமே சாரும். ஓர் ஆக்சிஜன் காணாமற்போகும். பிள்ளைகளுக்கு அது அரை மதிப்பெண்.

வாய்பாட்டின் நடுவே இடும் புள்ளிக்கு விவசாயிகளிடம் மதிப்பு உண்டு என்பதைப் பலர் அறியார். மயில்துத்தத்தின் வாய்பாட்டில் காப்பர் சல்பேட்டு, ஒரு புள்ளி, அதன்பின் ஐந்து நீர் மூலக்கூறுகள். கூட்டிப் பார்த்தால் 100 கிராம் மயில்துத்தத்தில் ஏறத்தாழ 36 கிராம் தண்ணீர். செம்பு 25 கிராம் அளவே. சூடாக்கினால் நீர் போய் நீலமும் போய் வெண்பொடியாகும். சுண்ணாம்புடன் மயில்துத்தம் கரைத்துப் போர்டோ கலவை செய்யும் தோட்டக்காரர் ஒருவர், வெளுத்துப்போன துத்தத்தை எடைக்கு எடை போட்டால் கரைசலில் செம்பு கூடிவிடும் என்பதை நாம் தாளில் கணக்கிட்டுக் காட்டியபோது, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சோடா என்ற ஒரு சொல் படும் பாட்டையும் இங்கே சொல்லிவிடலாம். ஆப்பச் சோடா, சலவைச் சோடா, எரிசோடா மூன்றிலும் சோடியம் உண்டு. முதலாவது வயிற்றுக்குள் போகலாம், இரண்டாவது துணிக்கு, மூன்றாவது தொட்ட தோலை அரிக்கும். பெட்டிக்கடையில் உடைத்துத் தரும் கோலிச் சோடாவிலோ சோடியம் என்று எதுவும் சேர்ப்பதில்லை. அது கரியமில வாயு அடைத்த தண்ணீர்.

நம் தமிழில் இப்பெயர்களை எழுத முற்பட்டவர்கள் பட்ட சிரமம் தனிக் கதை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தது. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். இன்று இரு கரைகளிலும் இரு வழக்குகள். நாம் கார்பன் டை ஆக்சைடு என்பதை இலங்கைத் தமிழர் காபனீரொட்சைட்டு என்பர். மோனாக்சைடு அங்கே காபனோரொட்சைட்டு. ஈர், ஓர் என்று நம் சொந்த எண்ணுப்பெயரை நடுவில் வைத்த அழகுக்காகவே நாம் அவ்வழக்கை மதிக்கிறோம். முன்னது சோடாவின் குமிழி; பின்னது அடைத்த அறையில் அடுப்புக் கரி அரைகுறையாக எரிகையில் வந்து, தூங்குபவரை எழாமலே செய்யும் வாயு.

ஆனால் ஓரிடத்தில் இரு கரைகளும் முட்டிக்கொள்கின்றன. தமிழில் உயிரோசைக்குப் பின் தனி டகரம் மெலிந்தும், இரட்டித்த டகரம் வலிந்தும் ஒலிக்கும். எனவே தமிழ்நாட்டு நூல்களில் ‘சல்பைடு’ என்றால் ஆக்சிஜன் இல்லாதது, ‘சல்பைட்டு’ என்றால் ஆக்சிஜன் மூன்று உடையது. இடையே இருப்பது ஒரே ஒரு புள்ளி வைத்த டகரம். இலங்கை நூல்களிலோ ஆக்சிஜன் இல்லாததற்கே ‘சல்பைட்டு’ என்று பெயர். ஆக்சிஜன் உடையதை றகரம் இட்டுச் ‘சல்பைற்று’ என்பர். ஆக, ஒரே சொல் பாக்கு நீரிணையின் இரு பக்கமும் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. இதில் எது சரி என்று வழக்காடுவது வீண். இரண்டுமே தத்தம் ஒழுங்கில் சரியே. வாய்பாட்டை உடன் எழுதினால் சிக்கல் தீர்ந்தது: ‘என்ஏ-2-எஸ்’ ஒன்று, ‘என்ஏ-2-எஸ்ஓ-3’ மற்றொன்று.

சிக்கல் தீராவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தோல் பதனிடுவோர் அறிவர். உரோமம் நீக்க அவர்கள் பயன்படுத்துவது சோடியம் சல்பைடு. அதன்மேல் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எழும். அளவு மிகும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமற்போகும். தொட்டிக்குள் இறங்கியவர் அப்படியே சாய்வார். சல்பைட்டின்மேல் அமிலம் பட்டாலும் நச்சுப்புகைதான். ஆயினும் அது கந்தகம் எரியும் நெடியோடு தொண்டையைப் பிடித்து ஆளை வெளியே துரத்திவிடும்.

பள்ளிக்கு அருகே கைத்தறி நெசவும் நூல் சாயமிடுதலும் நடந்த தெரு ஒன்று இருந்தது. சாயப்பட்டறை என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. வீட்டின் பின்கட்டே பட்டறை. தகர டின்களில் வெள்ளையாகவும் மஞ்சளித்தும் பொடிகள். கந்தகச் சாயத்துக்குச் சல்பைடு, வாட் சாயத்துக்கு எரிசோடாவும் ‘ஹைட்ரோஸ்’ என்று அவர்கள் சொல்லும் பொடியும், நாப்தால் சாயத்துக்குச் சோடியம் நைட்ரைட்டு. நூலில் சாயம் நன்றாக ஏறுவதற்குச் சாதாரண உப்பும் மூட்டையாக இருக்கும். அடுக்களையில் உப்புத் தீர்ந்தால் அந்த மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிக்கொள்வது வழக்கம்.

ஒரு மழைக்காலத்து இரவில் ஒரு வீட்டில் அப்படி அள்ளிய கை வேறு டின்னுக்குள் போயிற்று. சோடியம் நைட்ரைட்டு பார்வைக்கு ஏறக்குறைய உப்பு. நாவிலும் உப்புச் சுவையே. கஞ்சி குடித்த நால்வரும் சிறிது நேரத்தில் தலைசுற்றிச் சாய்ந்தனர். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்தன. மருத்துவமனையில் குத்தி எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லை. கருப்பட்டிப் பாகு போல இருந்தது.

இதே போன்றதொரு நிகழ்ச்சி 1944ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடந்தது. ஒரு மலிவான உணவகத்தில் ஓட்ஸ் கஞ்சி உண்ட 11 பேர் நீலம் பாரித்தனர்; ஒருவர் இறந்தார். உப்பு என்று எடுத்தது சோடியம் நைட்ரைட்டு என்பதை நகர நலத்துறையினர் துப்புத் துலக்கினர்.

இரத்தத்தில் நேர்ந்தது என்ன என்று பார்த்தால், வகுப்பறையில் பிள்ளைகள் வெறுக்கும் ஒரு பாடத்தின் முன் வந்து நிற்கிறோம். இரும்பு இருவகையாக இணையும். இரண்டு கைகளோடு இணைந்தால் பெரஸ், மூன்று கைகளோடு இணைந்தால் பெரிக். பாதரசத்துக்கு மெர்க்குரஸ், மெர்க்குரிக். நாம் முன்னே சொன்ன பூரமும் வீரமுமே அவை. “அஸ், இக், எது சின்னது, எது பெரிது” என்று மாணவர் தலையைப் பிய்த்துக்கொள்வது கண்டுதானோ என்னவோ, ஆல்பிரட் ஸ்டாக் என்னும் ஜெர்மானியர் 1919ஆம் ஆண்டில் இந்த ஈறுகளை விட்டுவிட்டு, அடைப்புக்குறிக்குள் ரோம எண்ணை இட்டு எழுதலாம் என்று முன்மொழிந்தார். இன்று பாடநூல்கள் அவர் வழியே செல்கின்றன. எனினும் மருந்துக் கடைகளில் பழைய ஈறுகள் போகவில்லை.

நம் குருதியின் செந்நிறப் பொருளில் உள்ள இரும்பு பெரஸ் நிலையில் இருக்கும்வரைதான் மூச்சுக்காற்றின் ஆக்சிஜனைப் பற்றிச் சுமந்து செல்லும். நைட்ரைட்டு உள்ளே போனால் அந்த இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் பறிபோய், அது பெரிக் ஆகிறது. பெரிக் இரும்பு ஆக்சிஜனைத் தொடாது. நெஞ்சு நிறைய மூச்சிழுத்தும் உடல் மூச்சின்றித் தவிக்கும். அஸ் என்பதற்கும் இக் என்பதற்கும் இடையே உள்ளது அந்த ஓர் எலக்ட்ரான். அதன் நிறையை எந்தத் தராசிலும் நிறுக்க இயலாது. அந்த இரவில் நான்கு பேர் அந்த இடைவெளியில் கிடந்தார்கள்.

பணியில் இருந்த மருத்துவர் இரத்தத்தின் நிறத்தைக் கண்டவுடனே “வீட்டில் என்ன தொழில்” என்று கேட்டாராம். பிறகு ஊசியில் ஏற்றியது மெத்திலின் நீலம். 1876ஆம் ஆண்டில் துணிக்குச் சாயமாக உருவாக்கப்பட்ட பொருள் அது. உடலில் இயல்பாக உள்ள ஒரு நொதியின் துணையோடு, பறிபோன எலக்ட்ரானை இரும்புக்குத் திருப்பித் தர அது உதவுகிறது. பெரிக் மீண்டும் பெரஸ் ஆகிறது. சாயத்தெருக்காரர்கள் ஒரு சாயத்தால் பிழைத்தார்கள். விடியுமுன் நால்வரின் உதடும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

அத்தெருவின் மற்றொரு வீட்டுப் பெண் அப்போது நம்மிடம் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். குறுக்கே மாற்றி எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். மறுவாரம் ஒரு தாளில் ஐந்தாறு பெயர்களை எழுதிக்கொண்டு வந்தாள். “சார், எங்கள் வீட்டு டின்களில் இருப்பவை இவை. வாய்பாடு எழுதியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்” என்றாள். ஹைட்ரோஸ் என்பதற்கு மட்டும் அவளுக்கு விடை தெரியவில்லை. அது சோடியம் டைதயோனைட்டு, சோடியமும் கந்தகமும் இவ்விரண்டு, ஆக்சிஜன் நான்கு என்று எழுதிக் கொடுத்தோம். அவளுடைய அண்ணன் சைக்கிளுக்கு அடிக்கும் சிவப்பு வண்ணத்தால் டின்களின் மேல் அவற்றைப் பெரிதாக எழுதினான்.

அவளுடைய தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ஆங்கில எழுத்து அறவே தெரியாது. ஆயினும் மகள் அவருக்கு ஒரு வழி கற்பித்திருந்தாள். நைட்ரைட்டின் வாய்பாட்டில் மட்டும் ‘என்’ என்னும் எழுத்து இரண்டு இடங்களில் நிற்கும். மற்றெதிலும் ஒருமுறைக்கு மேல் வராது. அந்தச் சாய்கோட்டு எழுத்து இருமுறை நிற்கும் டின்னை அடுக்களைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. பின்னர் அத்தெருவில் மேலும் பல வீட்டு டின்களில் அந்தச் சிவப்பு எழுத்துகளை நாம் பார்த்தோம். சிலவற்றில் எழுதியவர் கை கோணலாக இருந்தது. இரண்டு என்னும் எண் கீழே இராமல் மேலே ஏறியிருந்தது. பெர்சீலியஸும் முதலில் மேலேதான் எழுதினார்.

ஆண்டுகள் சில கழித்து அந்தத் தாயாரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் கண்டோம். மகள் முதற்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை அட்டை அவர் கையில் இருந்தது. நம்மிடம் அதை நீட்டி, “வாத்தியாரய்யா, இது அஸ்ஸா, இக்கா?” என்று கேட்டார்.

பெரஸ் சல்பேட்டு என்று அச்சிட்டிருந்தது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று வெளிர்பச்சைக் கட்டியாகக் கிடைப்பதும், திறந்து வைத்தால் காற்றுப்பட்டுப் பழுப்பேறிப் பெரிக் ஆகிவிடுவதும் அதே பொருள்தான். பெரஸ் இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும். “அஸ்தான் அம்மா, கொடுக்கலாம், அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டாம்” என்றோம். அவர் அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார்.